இரண்டாம் உலகப்போரில் போர்ச்சுகல் சிக்காமல் தப்பியது எப்படி?

கேள்வி:
போர்ச்சுகலுக்குப் பிரிட்டனோடு 1373 முதலே கூட்டணி உடன்படிக்கை உண்டு. பக்கத்து ஸ்பெயினிலோ உள்நாட்டுப் போரில் ஜெர்மனி உதவியோடு ஜெயித்த சர்வாதிகாரி பிராங்கோ. நடுநிலை என்று அறிவித்ததாலேயே தப்பியதா? 1943இல் அட்லாண்டிக்கில் உள்ள தன் அசோர்ஸ் தீவுகளில் பிரிட்டிஷ் படைக்கு இடம் கொடுத்த பிறகும் அது நடுநிலைதானா?

பதில் 1:
அறிவிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றாது. 1940இல் ஜெர்மனி பிடித்த பெல்ஜியமும் நார்வேயும் நடுநிலை நாடுகள்தான். போர்ச்சுகல் போரில் இறங்கினால் பிராங்கோ ஜெர்மனி பக்கம் போய்விடுவார், ஸ்பெயின் தென்முனையில் உள்ள பிரிட்டிஷ் தளமான ஜிப்ரால்டர் ஆபத்தில் சிக்கும் என்று பிரிட்டன் பயந்தது. அதனால் 1939இல் பழைய உடன்படிக்கையைக் காட்டி உதவி கேட்கவில்லை. போர்ச்சுகல் பிரதமர் சாலசார் வெளியுறவுத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்தார். போருக்கு முன்பே, 1939 மார்ச்சில், ஸ்பெயினோடு ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

பதில் 2:
வொல்ஃப்ராமை விட்டுவிட்டீர்களே! டங்ஸ்டன் எடுக்கும் தாது அது. கவசம் துளைக்கும் குண்டுக்கும் உலோகம் வெட்டும் கருவிக்கும் வேண்டும். 1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யா மீது படையெடுத்ததும் ஆசியாவிலிருந்து அதற்குத் தரைவழியாக வந்த சரக்கு நின்றது. மிச்சமிருந்த பெரிய ஊற்று ஐபீரியா, அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும். சாலசார் இரு தரப்புக்கும் விற்றார். ஜெர்மனிக்கு முழுக்க மறுத்தால் அதன் நீர்மூழ்கிகள் போர்ச்சுகல் கப்பல்களை மூழ்கடிக்கலாம். அள்ளிக் கொடுத்தால் பிரிட்டன் கடல் முற்றுகையை இறுக்கி எண்ணெயையும் கோதுமையையும் நிறுத்தலாம். பிரிட்டனுக்குக் கடனாகவும் விற்றார். அந்த ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) பாக்கி போருக்குப் பிறகுதான் தீர்ந்தது. நேச நாடுகள் நெருக்கியும் 1944 ஜூன் வரை இழுத்தடித்துத்தான் ஏற்றுமதியை முழுக்க நிறுத்தினார். அந்த வருமானம் நாஜிக்கள் கொள்ளையடித்த தங்கமாகவும் வந்தது. அந்தக் கறையை மறைக்கக் கூடாது.

பதில் 3:
அசோர்ஸ் பற்றி: சட்டப்படி அது நடுநிலை அல்ல. 1907 ஹேக் விதிகளின்படி நடுநிலைத் துறைமுகத்தைப் போரிடும் நாடு கடற்படைத் தளமாக்கக் கூடாது. சாலசார் 1373 உடன்படிக்கையையே காரணமாகக் காட்டினார். அவர் பார்த்த காலம்தான் முக்கியம்: 1943 ஆகஸ்டில் கையெழுத்து, அக்டோபரில் பிரிட்டிஷ் படை டெர்சைரா தீவில். அதற்குள் ஜெர்மனிக்கு ஐபீரியா மேல் படையெடுக்கத் தெம்பில்லை, வொல்ஃப்ராமும் வேண்டும். கண்டனத்தோடு நின்றுகொண்டது.

தொலைவில் இந்த வித்தை பலிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஆஸ்திரேலிய, டச்சுப் படைகள் அனுமதியின்றிப் போர்ச்சுகலின் காலனியான கிழக்குத் திமோரில் இறங்கின, சாலசார் கண்டித்தார். 1942 பிப்ரவரியில் ஜப்பான் புகுந்து போர் முடியும்வரை இருந்தது. அப்போது போர்ச்சுகலிடம் இருந்த கோவாவையும் பாருங்கள். நடுநிலைத் துறைமுகத்தை விட்டு வெளியேற 24 மணிநேரக் கெடு போர்க்கப்பலுக்குத்தான், வணிகக் கப்பலுக்கு இல்லை. அதனால் எரென்ஃபெல்ஸ் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் 1939 முதல் மர்மகோவாவில் நங்கூரமிட்டுக் கிடந்தது. அது வானொலியில் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்புவதாகச் சந்தேகித்து, 1943 மார்ச்சில் இந்தியாவிலிருந்து ஒரு பிரிட்டிஷ் குழு இரவில் வந்து தாக்கியது. கப்பல் மூழ்கியது. தலைநகர் லிஸ்பனில் இருந்த அரசால் தடுக்க முடிந்ததா? கோவாவில் அதற்கான படையும் இல்லை, பேரம் பேச வொல்ஃப்ராமும் இல்லை.