புதுப்பிப்பு: உப்புவெளி வீட்டு வழக்கில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு

முன்பு எழுதியிருந்தேன்: பிள்ளைகளில்லாத பெரியம்மா, கடைசிவரை தன்னைப் பார்த்த என் தங்கைக்கு உப்புவெளி வீட்டையும் வளவையும் எழுதிவைத்தா. நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) ஒப்பமில்லை என்று அந்த மரணசாசனம் மாவட்ட நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

மாகாண மேல் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது! இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதிக்கு நொத்தாரிசு கட்டாயம். மரணசாசனத்துக்கோ, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடநின்று ஒப்பமிட்டால் போதும். ஐவரும் கட்டிலைச் சுற்றி நின்றதைப் பக்கத்து வீட்டு அக்கா தடுமாறாமல் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. அவவுக்கு என்றும் நன்றி.

எங்களை எதிர்த்து வழக்காடிய மாமா பகுதியினர், நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்க 42 நாள் இருக்கிறது. அதுவரை வளவில் எதையும் கட்ட வேண்டாம் என்கிறார் சட்டத்தரணி. வீட்டிலேயே மரணசாசனம் எழுதுகிறவர்கள் சாட்சிகளின் விலாசத்தையும் எழுதி வையுங்கள். எங்கள் சாட்சிகள் இருவரைக் கனடாவில் தேட வேண்டியிருந்தது.