உலகக் கோப்பையில் 16 கோல்கள்: குளோசே மகத்தான முன்கள வீரரா, நல்ல அணியில் வாய்த்த வீரரா?

கோல்கணக்கன்:
ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசேயை அதே நாட்டின் கெர்ட் முல்லருக்கும் பிரேசிலின் ரொனால்டோவுக்கும் சமமாக வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2014 பிரேசில் உலகக் கோப்பையோடு அவர் கணக்கு 16 கோல்களில் நின்றது. ரொனால்டோவின் 15 கோல்களை அவர் தாண்டினார் என்பது உண்மை. ஆனால் அதற்கு அவருக்கு நான்கு உலகக் கோப்பைகளும் 24 ஆட்டங்களும் தேவைப்பட்டன. முல்லர் 13 ஆட்டங்களிலேயே 14 கோல்களையும், ரொனால்டோ 19 ஆட்டங்களில் 15 கோல்களையும் அடித்தவர்கள்.

குளோசேயின் 16 கோல்களில் 11 குழுச் சுற்றில் வந்தவை. 2002இல் சப்போரோவில் சவூதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என்று வென்ற ஆட்டத்தில் மட்டும் மூன்று கோல்கள். அந்தத் தொடரின் வெளியேற்றுச் சுற்றில் (நாக்-அவுட்) அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் 74ஆம் நிமிடத்தில் பியர்ஹோஃப் அவருக்குப் பதிலாக இறக்கப்பட்டார். அதே ஆட்டத்தில் ரொனால்டோ இரண்டு கோல்கள் அடித்துக் கோப்பையை எடுத்துச் சென்றார். கழக ஆட்டத்திலும், பாயர்ன் மியூனிக்கில் நான்கு பருவங்கள் இருந்து 98 லீக் ஆட்டங்களில் 24 கோல்கள்தான் அடித்தார். மகத்தான முன்கள வீரர் ஒருவரின் கணக்கு இப்படியா இருக்கும்?

வடக்குமேடை:
நண்பர் சொன்ன எண்கள் எல்லாம் சரியானவை. அவற்றை வைத்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை. குழுச் சுற்று கோல்களைத் தள்ளுபடி செய்வதென்றால் அந்த அளவுகோலை எல்லோர் மீதும் வைக்க வேண்டும். 1970இல் மெக்சிகோவில் முல்லர் அடித்த 10 கோல்களில் ஏழு குழுச் சுற்றில் வந்தவை. பல்கேரியாவுக்கும் பெருவுக்கும் எதிராக அடுத்தடுத்து இரண்டு ஹாட்ரிக். அதை வைத்து முல்லரை யாரும் குறைத்துப் பேசுவதில்லை, பேசவும் கூடாது.

குளோசே எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1978இல் போலந்தின் ஒப்போலே நகரில் பிறந்து, சிறுவனாக ஜெர்மனியின் கூசல் பகுதிக்குக் குடும்பத்தோடு வந்தவர் அவர். இருபது வயதுவரை பிளாவ்பாக்-டீடல்காப்ஃப் என்ற ஊர்க்கழகத்தில், ஏழாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். தச்சுத் தொழிலும் பயின்றார். அங்கிருந்து ஹோம்பர்க், பிறகு கைசர்ஸ்லாட்டர்னின் இரண்டாம் அணி, 2000இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகா, 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மனிச் சட்டை. அந்த முதல் ஆட்டத்திலேயே மாற்று வீரராக இறங்கி 88ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலைத் தலையால் முட்டினார். சிறு வயதிலேயே பெரிய கழகங்களின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்துவிடும் வீரர்களுக்குக் கிடைக்கும் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2002இல் அவர் அடித்த ஐந்து கோல்களும் தலையால் அடித்தவை. எதிரணி பலவீனமானது என்பதற்காக அந்தத் தாவலின் நேரக்கணிப்பை யாரும் இலவசமாகக் கொடுத்துவிடவில்லை.

குளோசே கோல் அடித்த எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோல்கணக்கன்:
முல்லரின் குழுச் சுற்று கோல்கள் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனாலும் 1974 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிரான வெற்றிக் கோல் முல்லருடையது. அப்படியொரு கோல் குளோசேயிடம் இல்லை. அவர் கோல் அடித்த ஆட்டங்களில் ஜெர்மனி தோற்றதில்லை என்ற செய்தி என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஜெர்மனி நன்றாக ஆடிய நாட்களில் அவருக்கும் கோல் கிடைத்தது என்றுதானே அதற்குப் பொருள்?

இடதுசிறகு:
இருவரும் எண்களை வைத்தே பேசுவதால் ஒரே ஒரு கோலை அருகில் சென்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2010 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன், இரண்டாம் சுற்றில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம், 20ஆம் நிமிடம். ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயர் தன் கோல் பகுதியிலிருந்து பந்தை நீளமாக உதைக்கிறார். நடுவில் எந்த ஜெர்மானியரும் அதைத் தொடவில்லை. இங்கிலாந்தின் நடுத் தடுப்பில் டெர்ரி இடம் தவறி நிற்க, அப்சன் மட்டும் குளோசேயோடு ஓடுகிறார். பந்து தரையில் குதித்து எழும்போது அப்சன் தோளால் தள்ளுகிறார், இழுக்கிறார். குளோசே தன் உடலைப் பந்துக்கும் அவருக்கும் நடுவில் வைத்தபடியே ஓடி, விழுந்துகொண்டே வலது காலை நீட்டி, முன்னேறி வந்த கோல்கீப்பர் ஜேம்ஸைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிடுகிறார். அந்தக் கோலை அணி அவருக்கு அமைத்துக் கொடுக்கவில்லை. நீண்ட உதை ஒன்றை இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்பே படித்த ஒரே மனிதர் அவர்.

அந்தத் தொடருக்கு முந்தைய பருவத்தில் பாயர்னுக்காக அவர் அடித்த லீக் கோல்கள் மூன்றே மூன்று. தென்னாப்பிரிக்காவிலோ நான்கு அடித்தார், அவற்றில் இரண்டு காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரானவை. அவரது உலகக் கோப்பைக் கோல்கள் 16இல் ஒன்றுகூட பெனால்டி இல்லை என்பதை, 16 என்ற எண்ணை விடவும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வடக்குமேடை:
பாயர்ன் கணக்கையும் பிரித்துப் பார்த்துவிடலாம். முதல் இரண்டு பருவங்களில் தலா 10 லீக் கோல்கள், பிறகு 3, பிறகு 1. முதல் பருவத்தில் அவர் பக்கத்தில் ஆடிய லூகா டோனி 24 கோல்களோடு லீக்கின் முதல் இடத்தைப் பிடித்தார். குளோசே இரண்டாம் முன்கள வீரராக அவருக்கு இடம் திறந்துவிடும் வேலையைச் செய்தார். 2009இல் மாரியோ கோமஸும் ஓலிச்சும் வந்த பிறகு மாற்று வீரர் இருக்கையில் அதிகம் அமர்ந்தார். அதற்கு முன் பிரெமன் கழகத்தில் அணி அவரை மையமாக வைத்து ஆடியபோது 2005-06 பருவத்தில் 26 ஆட்டங்களில் 25 கோல்கள் அடித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். 2006இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரராகவும் தேர்வானார். இத்தாலியின் லாசியோ கழகத்துக்குப் போனபோது வயது 33. அங்கே அதே நகரத்துக் கழகமான ரோமாவுக்கு எதிரான ஆட்டத்தில் 93ஆம் நிமிட வெற்றிக் கோல், 2013 மே மாதம் போலோன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள். வீழ்ந்துவிட்ட வீரரின் வரலாறு இதுவல்ல.

2012இல் நபோலி கழகத்துக்கு எதிரான லாசியோ ஆட்டத்தில் தன் கையில் பட்டுப் பந்து வலைக்குள் போனதை நடுவரிடம் தானே சொல்லி அந்தக் கோலை ரத்து செய்ய வைத்தவரும் இவர்தான். ஆட்டம் அப்போது 0-0. லாசியோ பிறகு 3-0 என்று தோற்றது. முன்கள வீரரின் தரத்தை அது அளக்காது என்று நண்பர் சொல்லலாம், அது சரியும்கூட. ஆனால் அவர் கணக்கில் நிற்கும் ஒவ்வொரு கோலையும் நான் முழு நம்பிக்கையோடு எண்ணுவதற்கு அது ஒரு காரணம்.

கோல்கணக்கன்:
பிரெமன் பருவத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பருவத்தின் உச்சத்தை வைத்து முல்லரின் 365 பண்டஸ்லிகா கோல்களுக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்த முடியாது. குளோசேயின் கணக்கு 121. தேசிய அணியில் முல்லரின் 68 கோல்களைக் குளோசே 71 கோல்களால் முந்தினாலும், ஆட்டங்கள் 62க்கு 137. கோல் அடிப்பதே முன்கள வீரரின் முதல் தொழில் என்றால் இந்த இடைவெளி மிகப் பெரியது. இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

இடதுசிறகு:
முல்லர் முதலிடம் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. "நல்ல அணியில் வாய்த்த வீரர்" என்ற தலைப்பைத்தான் நான் ஏற்கவில்லை. 2014 ஃபோர்டலேசா ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். கானா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஜெர்மனியின் நடுக்களம் சிதறிக் கிடந்தது. 69ஆம் நிமிடத்தில், 36 வயதில், குளோசே மைதானத்துக்குள் வந்தார். இரண்டு நிமிடம் கழித்து குரோஸ் அடித்த கார்னர் ஹோவடஸின் தலையில் பட்டுத் தாழ்வாகத் தூரக் கம்பத்தை நோக்கி வந்தபோது, அங்கே காலை நீட்டி நின்றவர் அவர் ஒருவரே. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அன்று ஜெர்மனி நன்றாக ஆடவில்லை, நண்பரே.

கோல்கணக்கன்:
அந்த ஆட்டத்தை மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் தள்ளுபடி செய்த 11 குழுச் சுற்று கோல்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்தது தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சப்போரோவின் மூன்று கோல்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.