வாடைக்காற்றில் நிலாவெளிக் கடலில் கைட் சர்ஃபிங்

கேள்வி (உப்புவெளி): கற்பிட்டிக் களப்பின் தட்டையான நீரில், சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) மட்டுமே பழகிய நான், மார்கழியில் திருகோணமலை நிலாவெளித் திரைகளில் 9 சதுர மீட்டர் கைட்டுடன் (பலகையில் நிற்பவரை இழுக்கும் பெரிய பட்டம்) இறங்கலாமா, அண்ணா?

பதில் (நிலாவெளி): தம்பி, காற்று மணிக்கு 30 கடல் மைலைத் தொடும் நாளில் 9 மிகப் பெரிது, 70 கிலோ எடையுள்ளவருக்கு 6 அல்லது 7 போதும். வாடை (வடகிழக்குக் காற்று) கரைநோக்கி வீசுவதால் காற்று உங்களை ஆழ்கடலுக்கு இழுக்காது என்றாலும், விழுந்த கைட்டின் மீது அடுத்த திரை உடையும்போது கயிறுகள் காலில் சுற்றிக்கொள்ளும். கைட்டைச் சட்டெனக் கழற்றிவிடும் எனது அவசர விடுவிப்பு ஒருமுறை மணல் அடைத்து இறுகிவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவுகிறேன்.

பதில் (டச்சுக்குடா): பலகையிலேயே பாய் பொருத்தி ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கில் நீண்ட கயிறுகள் இல்லை, ஆனால் கரையோர உடைதிரை பாய்மரத்தை மணலில் குத்தி முறித்துவிடும். கோணேசர் மலையடிப் பாறைகளைக் கைட், விண்ட்சர்ஃபிங் இரு வகையினரும் தவிர்க்கவேண்டும்.