தன்சானியாவின் சிறு வளர்ப்பாளர்களுக்குப் படக் கையேடு: எதை வரைவது?

மாறன், வெள்ளவத்தை:
வணக்கம். நான் படம் வரைபவன். தன்சானியாவில் இரண்டு மாடும் பத்துப் பதினைந்து கோழியும் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு கையேடு செய்து தரும் வேலை வந்திருக்கிறது. கையில் தந்தவை ஆய்வு அறிக்கைகள், பெரும்பாலும் தடுப்பூசி பற்றி. இவ்வளவு நல்ல ஆய்வு இருந்தும் ஏன் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை? அங்கே வேலை செய்த யாராவது சொல்லுங்களேன்.

சாந்தி, தெகிவளை:
தம்பி, நான் மிருக வைத்தியர், தன்சானியாவில் மொரோகோரோ பக்கம் கொஞ்சக் காலம் இருந்தேன்.

மாட்டை எடுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் காய்ச்சல் உண்ணியால் பரவும். கன்றுகளை வாரிக்கொண்டு போய்விடும். அதற்கு கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் 1970களிலேயே வழி கண்டார்கள். உயிருள்ள நோய்க்கிருமியை ஏற்றி, கூடவே நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் மருந்தைக் கடுங்குளிரான திரவ நைதரசனில் உறைய வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு குழாயை உருக்கினால் முப்பது நாற்பது மாட்டுக்கு வரும், சில மணி நேரத்தில் போட்டு முடிக்கவும் வேண்டும். மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களுக்குப் பெரிய மந்தை, ஒரே காலையில் முடிந்துவிடும். அவர்கள் கைக்காசு கொடுத்தே போட்டார்கள். இரண்டு மாட்டுக்காக அந்தக் குழாயை யார் திறப்பார்? அப்படிப்பட்ட வீட்டைப் 'புதியதை ஏற்காதவர்கள்' என்று யாரும் எழுதினால் எனக்குக் கோபம் வரும். மருந்துதான் அவர்கள் அளவுக்கு வரவில்லை.

கோழிக்கு அந்த அளவு பார்த்தே செய்தார்கள். ராணிக்கெட் நோய்க்கான ஐ-2 தடுப்பு மருந்து குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது, வெப்பம் தாங்கும். குப்பியை ஈரத்துணியில் சுற்றி நிழலில் கொண்டு போவார்கள். கண்ணில் ஒரு சொட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. ஊரிலேயே ஒருவரைப் பழக்கிவிட்டால் அவர் சின்னக் காசு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போடுவார். அந்தக் காசு முக்கியம் தம்பி, திட்டம் முடிந்த பிறகும் அவர் வருவது அதனால்தான். மொசாம்பிக்கில் மார்ச், ஜூலை, நவம்பர் என்று மாதத்தையே குறித்து வைத்தார்கள். கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. கூட்டம் வைத்து ஆண்களுக்கு மட்டும் சொன்னால் கூடு வரைக்கும் செய்தி போகாது.

ரஃபீக், மருதானை:
டொக்டர் சொன்னதோடு தீவனத்தையும் பாருங்கள். கென்யாவில் இசிப்பே ஆய்வு நிலையம் பரப்பிய முறையில் சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி, வரப்பைச் சுற்றி நேப்பியர் புல். தண்டுத் துளைப்பான் பூச்சியும் ஸ்ட்ரைகா களையும் குறையும், அறுத்த புல் மாட்டுக்கு. சோளத்துக்காக நட்டவருக்குப் பாலும் கூடுகிறது.

மாறன்:
மிக்க நன்றி இருவருக்கும். அக்கா, அப்படியென்றால் கோழியிலிருந்தே தொடங்குகிறேன். படத்தில் எது கட்டாயம் வர வேண்டும்?

சாந்தி, தெகிவளை:
முதல் படத்தில் நேரம் தெரிய வேண்டும். விடிய முன், கூடு திறக்க முன். திறந்துவிட்டால் ஒரு கோழியும் கைக்கு அகப்படாது.

அடுத்தது கை. ஒரு கை கோழியின் தலையைச் சரித்து, ஒரு கண் மேலே பார்க்கப் பிடித்திருக்கும். மற்றக் கையில் குப்பி தலைகீழாக, நேர் செங்குத்தாக; சரிந்தால் சொட்டின் அளவு மாறும். சொட்டு கண் முழுக்கப் பரவும் வரை கோழியை விடக்கூடாது. குஞ்சுக்கும் சேவலுக்கும் அதே ஒரு சொட்டுதான், இதைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுக்கு அரைச் சொட்டு என்று யாராவது மிச்சம் பிடிப்பார்கள்.

அப்புறம், தூங்கி விழுகிற கோழி ஒன்றை வரைந்து குறுக்கே கோடு போடுங்கள். ஏற்கெனவே நோய் பிடித்ததற்குப் போட்டால் அது எப்படியும் செத்துப்போகும், பழி சொட்டு போட்ட பெண் தலையில் விழும், அடுத்த சுற்றில் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நீங்கள் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

அச்சுக்கு அனுப்ப முன் வெறும் கோட்டுப் படத்தை அங்கே அனுப்பி, இரண்டு மூன்று பெண்களிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து கோழியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று வீடியோ எடுத்து அனுப்பட்டும். வந்ததும் எனக்கும் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.