புதுப்பிப்பு: எங்கள் ஊர் வழியம்பலம்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் வழியம்பலத்தை (வழிப்போக்கர்கள் இளைப்பாறும் பழைய மண்டபம்) சாலைக்காக இடிக்கப் போகிறார்கள், சட்டம் காப்பாற்றுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போதைக்கு இல்லை; பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைச் சமணச் சிற்பங்கள் என்றால் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அங்கே 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். எங்கள் வழியம்பலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; எங்களுக்கு வழி பழைய சின்னங்களைக் காக்கும் மாநிலத்தின் 1966 சட்டம்தான். பழமை மட்டும் போதாது. அரசிதழில் அறிவிக்கை வந்து, ஆட்சேபங்களைக் கேட்டு, அப்புறம்தான் பாதுகாக்கப்பட்ட சின்னமாகும்.

சரி, படங்கள், அளவுகளோடு மனு கொடுத்துவிட்டோம். இடிப்பதற்காகத் தூணில் போட்ட சிவப்புக் குறி இன்னும் அழியவில்லை. பக்கத்தில் உள்ள, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.