உதவி: வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டு பாதியில் பூட்டு போட்டு நின்றுவிடுகிறது

ராக்கோழி எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது கைகொடுங்கள்.

தள்ளுபடியில் 'த நோனரி கேம்ஸ்' தொகுப்பைக் கணினிக்கு வாங்கினேன். அடைபட்ட ஒன்பது பேர் புதிர்களை அவிழ்த்துத் தப்பிக்கப் பார்க்கும், படித்துக்கொண்டே விளையாடும் இரண்டு கதை கேம்கள் அதில் உண்டு. முதல் கதையான 999-ஐ ஒரு சிக்கலும் இல்லாமல் முடித்தாயிற்று. இரண்டாவதான 'வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டு'தான் வம்பு பண்ணுகிறது. ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. நிறக் கதவு, அதற்குள் ஒரு அறை, புதிரை அவிழ்த்து வெளியே வந்தால் எதிராளியை நம்புவதா ஏமாற்றுவதா என்று ஒரு வாக்கு, அப்புறம் அடுத்த கதவு. கதை சூடு பிடித்து, நாம் விளையாடும் நாயகன் சிக்மா ஏதாவது செய்தே ஆக வேண்டிய இடம் வந்ததும் திரையில் ஒரு பூட்டு. கூடவே 'தொடரும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், அதற்கு மேல் நகரவில்லை.

கேமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். நல்லவேளை, சேவ் எல்லாம் மேகத்தில் இருந்ததால் தப்பித்தது. கேம் வாங்கிய ஸ்டீம் செயலியில் ஃபைல்களைச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம். திரை அளவை மாற்றினேன், குரலை ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மாமியார் வீட்டு வைஃபை கோளாறோ என்று போனில் இணைத்தும் பார்த்துவிட்டேன். அதே இடத்தில் அதே பூட்டு.

முழு கேமுக்குத்தான் பணம் கட்டினேன், வந்திருப்பது ட்ரையலா? தயவுசெய்து கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.

பச்சைத்தண்ணி எழுதியது:

திருட்டுப் பிரதியாக இருக்கும். அதில்தான் இப்படிப் பாதியில் நிற்கும்.

ராக்கோழி எழுதியது:

ரசீது இருக்கிறது ஐயா. போட்டோ எடுத்துப் போடட்டுமா?

கிளிஞ்சல் எழுதியது:

கிராஃபிக்ஸ் ட்ரைவரைப் புதுப்பித்தீர்களா? எனக்கு வேறொரு விஷுவல் நாவலில் (இதே மாதிரி படித்து விளையாடும் கேம்) வீடியோ வரும் இடத்தில் எல்லாம் நின்றுபோனது, ட்ரைவரை மாற்றிய பிறகுதான் ஓடியது. சில பழைய ஜப்பானிய கேம்களுக்கு விண்டோஸ் மொழி அமைப்பையே ஜப்பானியத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதையும் பாருங்கள்.

பழைய டிஎஸ்காரன் எழுதியது:

கிளிஞ்சல், மொழி அமைப்பைத் தொடச் சொல்லாதீர்கள். 2017-இல் வந்த தொகுப்புக்கு அது தேவையே இல்லை. தொட்டால் அவருடைய மற்ற மென்பொருள்களில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும், அதற்கு இன்னொரு இழை போட வேண்டி வரும்.

ராக்கோழி தம்பி, உங்கள் கணினியில் ஒரு குறையும் இல்லை. கேமிலும் இல்லை. அந்தப் பூட்டு கதையின் பாகம்தான்.

கதையை உடைக்காமல் சொல்கிறேன். அந்த இடத்தில் தொடர்ந்து போக சிக்மாவுக்கு ஒரு தகவல் தேவை. இந்த உலகத்தில் அவன் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வேறு கதவில் நுழைந்த, வேறு மாதிரி வாக்குப் போட்ட இன்னொரு உலகத்தில்தான் அது கிடைக்கும். அங்கே போய்த் தெரிந்துகொண்டு திரும்பி வந்தால் பூட்டு திறக்கும்.

ஃப்ளோ சார்ட் என்று ஒரு கிளைப் படம் இருக்கிறது பாருங்கள், அதைத் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை தொட்ட எந்தக் கட்டத்துக்கும் அங்கிருந்து நேரே குதிக்கலாம். முதல் சுற்றிலேயே மூன்று கதவு, ஒவ்வொன்றின் முடிவிலும் 'கூட்டு', 'துரோகம்' என்று இரண்டு வாக்கு, ஆக ஆறு வழி. நீங்கள் போனது அதில் ஒன்றே ஒன்று. படித்த வசனங்கள் ஸ்கிப்பில் ஓடிவிடும், முடித்த அறையின் புதிரை மறுபடி போட வேண்டியதில்லை.

இந்தக் கிளைப் படத்தின் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். 999 முதலில் 2009 டிசம்பரில் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்தபோது இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முடிவையும் பார்க்க கதை தொடங்கும் அந்தக் கப்பல் அறையிலிருந்து, ஜன்னல் உடைந்து தண்ணீர் உள்ளே கொட்டுவதிலிருந்து, மறுபடி தொடங்க வேண்டும். விடை தெரிந்த புதிரையே திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் அந்த அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது என் வீட்டுச் சமையலறையைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ராக்கோழி எழுதியது:

அட! அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் ஒன்று உதைக்கிறது. இன்னொரு உலகத்தில் தெரிந்துகொண்டது நான்தானே? அங்கே இருந்த சிக்மா வேறு ஆள், இங்கே இருப்பவன் வேறு ஆள். இவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் 999-இல் இப்படி எதுவும் வரவில்லையே?

பழைய டிஎஸ்காரன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். அதைக் கேட்க வைப்பதற்காகத்தான் மொத்தக் கதையையும் எழுதியிருக்கிறார்கள். சிக்மாவுக்கே அந்தச் சந்தேகம் வரும், காத்திருங்கள்.

இரண்டாவதற்குப் பதில், வந்திருக்கும். உங்களுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். 999-இல் உண்மை முடிவைப் பார்க்க, முதலில் 'சேஃப்' என்ற இன்னொரு முடிவைப் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் உண்மை முடிவின் பாதையில் போனால் கதையில் வரும் ஒரு சவப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுபோகும். நீங்கள் தற்செயலாகச் சரியான வரிசையில் போயிருக்கிறீர்கள்.

தேன்மிட்டாய் எழுதியது:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பூட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி திறக்காது. சில இடங்களில் தேவையான காட்சியை வேறு கிளையில் பார்த்திருந்தாலே போதும், சிக்மாவுக்குத் தானாக நினைவு வரும். சில இடங்களில் நீங்களே சங்கேத எழுத்துகளைத் தட்ட வேண்டும். அதனால் எந்த அறையில் எந்த எண்ணையோ பெயரையோ பார்த்தாலும் எழுதி வையுங்கள். கேமுக்குள்ளேயே கிறுக்க ஒரு குறிப்பேடு இருக்கிறது. எனக்கு மவுஸில் எழுதினால் கோழி கிளறியது மாதிரி வரும், அதனால் பழைய கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு வாரம் கழித்து என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாருடைய வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு இது என்று கேட்டார்.

இன்னொன்று, கணினியில் விளையாடுபவருக்கு வேண்டாம், ஆனால் தேடி வருகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய 3டிஎஸ் பதிப்பில் சில அறைகளுக்குள், முக்கியமாக பிஇசி என்ற பெயருள்ள அறைக்குள், இருக்கும்போது சேவ் செய்தால் சேவ் ஃபைலே கெட்டுப்போகும். ஊரறிந்த கோளாறு அது. அங்கே அறையை முடித்து வெளியே வந்து, வசனம் ஓடும்போது சேவ் செய்வதுதான் பத்திரம்.

ராக்கோழி எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. வேறு கதவு வழியாகப் போனேன். ஆனால் இப்போது உண்மையாகவே மாட்டிக்கொண்டேன். அறையின் புதிர்களை எல்லாம் போட்டு, பெட்டகத்துக்குச் சங்கேதத்தையும் கண்டுபிடித்துப் போட்டேன், திறந்தது. உள்ளே ஒரு கோப்பு மட்டும் இருக்கிறது. வெளியே போகும் சாவியைக் காணோம்! அறை முழுக்க ஒவ்வொரு மூலையாக க்ளிக் செய்துவிட்டேன். இதுவும் வேறு உலகத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தேன்மிட்டாய் எழுதியது:

இல்லை இல்லை, இது இதே அறையில்தான். பெட்டகம் ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு சங்கேதம். ஒன்றைப் போட்டால் பச்சை விளக்கு எரிந்து சாவி கிடைக்கும். இன்னொன்றைப் போட்டால் நீல விளக்கு, அதில் ரகசியக் கோப்பு மட்டும்தான். பெரும்பாலும் எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு கோப்பைத் தவறவிடுவார்கள். நீங்கள் தலைகீழாக, கஷ்டமானதை முதலில் போட்டிருக்கிறீர்கள். அறையில் இன்னும் ஒரு புதிர் தீராமல் இருக்கும், பாருங்கள்.

கோப்பு தங்க நிறமா, வெள்ளி நிறமா?

ராக்கோழி எழுதியது:

வெள்ளி. ஒரு இடத்தில் மாட்டி 'ஈஸி'க்கு மாற்றிவிட்டேன். கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

தேன்மிட்டாய் எழுதியது:

அதேதான். 'ஹார்ட்'டில் எடுத்தால் தங்கம். கதைக்கு எந்த இழப்பும் இல்லை, கௌரவம்தான் பிரச்சினை.

கிளிஞ்சல் எழுதியது:

இழையைப் படித்து எனக்கும் ஆசை வந்து நேற்று தொடங்கிவிட்டேன். ஆட்டத்தை நடத்தும் அந்த முயல் பேசுவதைக் கேட்டாலே கை பரபரக்கிறது, ஒரு அறை விடலாம் போல. எனக்கு வாக்கு விஷயம்தான் பிடிபடவில்லை. எப்போதும் 'கூட்டு' போட்டால் நல்ல முடிவு வருமா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

இந்தப் பக்கம் சும்மா எட்டிப் பார்த்தேன், கேள்வி என் பாடத்துக்குள் வந்துவிட்டது.

இரண்டு தரப்பும் கூட்டு என்றால் இருவருக்கும் 2 புள்ளி. இரண்டு பேரும் துரோகம் என்றால் யாருக்கும் எதுவும் இல்லை. ஒருவர் கூட்டு, மற்றவர் துரோகம் என்றால் நம்பியவருக்கு 2 குறையும், ஏமாற்றியவருக்கு 3 கூடும். எல்லோருக்கும் தொடக்கத்தில் 3. வெளியேற 9 வேண்டும். பூஜ்யத்துக்கு வந்தால் உயிர் போகும்.

இப்போது எதிராளியின் இடத்திலிருந்து பாருங்கள். நான் கூட்டு போடுவேன் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தால், துரோகம் போட்டால்தான் அவருக்கு லாபம், 2-க்குப் பதில் 3. நான் துரோகம் போடுவேன் என்றாலும் அவருக்குத் துரோகமே மேல், 2-ஐ இழப்பதற்குப் பதில் ஒன்றும் இழக்க மாட்டார். ஆக எப்படிப் பார்த்தாலும் துரோகமே லாபம். இருவரும் அப்படியே கணக்குப் போட்டால் இருவருக்கும் பூஜ்யம். கைதிகளின் சிக்கல் என்று 1950-இலிருந்து பேசப்படுவது இதுதான். மூன்று முறை எல்லோரும் கூட்டு போட்டால் ஒன்பது பேரும் சரியாக 9-ஐத் தொடலாம். ஆனால் இரண்டே துரோகம் பலித்தாலும் 9 வந்துவிடும், அதுவும் ஒரு சுற்று முன்னதாக. கதவு ஒரே ஒருமுறைதான் திறக்கும் என்று வேறு சொல்லிவிட்டார்கள். புள்ளிகளை வைத்தவர் விவரமான ஆள்.

இன்னும் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஜோடியாக இருப்பவர்களுக்குச் சேர்த்து ஒரே வாக்கு, எதிரே தனி ஆள். ஜோடிக்குள் உங்களுக்கு 7 இருந்து கூட இருப்பவருக்கு 2 மட்டும் இருந்தால், நீங்கள் பெருந்தன்மையாகக் கூட்டு போடுவது அவர் உயிரை வைத்துச் சூதாடுவது. இதை என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், வகுப்பில் பாதி பேர் பக்கத்துப் பெஞ்சோடு சண்டை.

ராக்கோழி எழுதியது:

சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். கூட்டு போட்டேன், எதிராளி துரோகம் போட்டுவிட்டார். கடுப்பாகி கிளைப் படத்தில் பின்னால் போய் நான் துரோகம் போட்டேன். அதே ஆள், அதே நிமிஷம், இந்த முறை கூட்டு! அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் நான் மாற்றிப் போட்டதும் அவர் வாக்கு ஏன் மாற வேண்டும்? இது நிரல் பிழைதானே?

பழைய டிஎஸ்காரன் எழுதியது:

வாத்தியார் சார் தயவுசெய்து இதற்குப் பதில் சொல்லாதீர்கள்.

தம்பி, நல்ல கண் உங்களுக்கு. இதுவும் பிழை இல்லை. கேஸ் புத்தகமோ என்னமோ, நீங்களும் ஒன்று வைத்திருப்பீர்களே, அதில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சொல்லவில்லை. ஆனால் நாக்கு நுனியில் இருக்கிறது.

தேன்மிட்டாய் எழுதியது:

கிளிஞ்சல், 'எப்போதும் கூட்டு' என்று ஒரே நேர்கோட்டில் போனால் எங்கேயும் சேர முடியாது. துரோகம் போட மனசே வராத இடம் ஒன்று வரும், அங்கேயும் போட்டுத்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கிளையில் இருக்கும் தகவல் உங்களுக்குக் கிடைக்காது. நான் ஒரு இடத்தில் பொத்தானை அழுத்த முடியாமல் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜப்பானியத்தில் இதன் பெயரே ஒரு சிலேடை தெரியுமா? 'ஜென்னின் ஷிபோ தெசு'. ஷிபோ என்றால் சாவு, ஷிபோ என்றால் விருப்பம். நல்லவர்கள் சாகிறார்கள் என்றும் படிக்கலாம், நல்லவராக விரும்புகிறேன் என்றும் படிக்கலாம். தலைப்பில் அந்தச் சொல்லை வேண்டுமென்றே சீன எழுத்தில் எழுதாமல் ஒலியெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். 2012-இல் ஆங்கிலத்துக்குப் போனபோது இந்த விளையாட்டைக் கொண்டுபோக முடியாமல்தான் பெயரே வேறாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பச்சைத்தண்ணி எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? இணையத்தில் எந்தப் பூட்டு எங்கே திறக்கும் என்று முழுப் பட்டியலே இருக்கிறது. அதைப் பார்த்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.

பழைய டிஎஸ்காரன் எழுதியது:

முடியும். தேங்காயை விட்டுவிட்டுச் சிரட்டையை எடுத்துக்கொள்வது மாதிரி. எல்லாப் பூட்டிலும் மாட்டி, போக வேறு கிளையே இல்லை என்றால் மட்டும் பாருங்கள். அப்போதும் பட்டியலில் அடுத்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

ராக்கோழி எழுதியது:

திறந்துவிட்டது!

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். வேறு கிளையில் ஒருவர் வாயிலிருந்து சாதாரணமாக ஒரு வார்த்தை விழுந்தது, எனக்கு உடனே உறைக்கக்கூட இல்லை. கிளைப் படத்தில் குதித்து அந்தப் பழைய பூட்டுக்குப் போனேன். இந்த முறை திரை நிற்கவில்லை. சிக்மா ஒரு கணம் தடுமாறினான், அப்புறம் அவனுக்குத் தெரிந்திருக்கவே முடியாததைச் சொன்னான். எதிரே இருந்தவர், உனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி நிறுவிய அந்த இரண்டு நாளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் 'தீர்ந்தது' என்று போட்டுவிடுகிறேன்.

ராக்கோழி எழுதியது:

தலைப்பை மாற்றப் போகும் முன் இன்னும் ஒரு காட்சி பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்னொரு பூட்டு. அண்ணா, இது எந்தக் கிளையில் என்று இடமா வலமா மட்டும் சொல்லுங்களேன்.

பழைய டிஎஸ்காரன் எழுதியது:

தூங்குங்கள் தம்பி. தலைப்பையும் மாற்ற வேண்டாம்.