மத்திய அமெரிக்க நாடான பெலீஸுக்கு டெட்ரா பேக் ஜூஸ் இறக்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெலீஸ் சிட்டி, மொத்தக் கடைக் கொள்முதல்

நானே தொடங்கி வைக்கிறேன். மாம்பழம், கொய்யா, கலப்புப் பழம் என்று ஒரு லிட்டர் பேக்கும் 200 மில்லி பேக்கும் இங்கே இறக்கி விற்கிறோம். "ஃபிரிட்ஜ் வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது, இதில் என்ன சிரமம்?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இது.

நாடு முழுக்கச் சேர்த்தாலே சுமார் நான்கு லட்சம் பேர்தான். சேலம் மாநகரில் பாதிகூட இருக்காது. ஒரு லிட்டர் பேக் பன்னிரண்டு அடங்கிய பெட்டி கிட்டத்தட்ட 13 கிலோ. இருபதடி கன்டெய்னரில் 1,600 பெட்டி ஏற்றினாலே 20 டன்னைத் தாண்டிவிடும். மேலே இடம் மிச்சம் இருக்கும், ஆனால் எடை நிரம்பிவிடும். ஜூஸுக்கு நாற்பதடி எடுப்பது காற்றுக்கு வாடகை கொடுப்பது. அந்த 19,200 லிட்டரும் ஒரே சுவை, ஒரே காலாவதித் தேதி என்றால், விற்று முடிக்கும்வரை தூக்கம் வராது.

இங்கே சில்லறை வியாபாரம் பெரும்பாலும் சீனர்கள் கையில். தெருவுக்குத் தெரு கடை, முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி, அந்தச் சந்தில்தான் காசும் சரக்கும் கைமாறும். எங்கள் வண்டி போய் நின்றால் கடைக்காரர் முதலில் விலை கேட்க மாட்டார். பெட்டியைக் கிழித்து ஒரு பேக்கை எடுப்பார், வெளிச்சத்தில் பிடித்து மேல்விளிம்பில் அச்சடித்த தேதியைப் பார்ப்பார். நான்கு மாதம்தான் பாக்கி என்றால் பேக் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் விலையைக் குறைத்தாலும் தலை அசையாது. ஆக, இங்கே நான் விற்பது ஜூஸ் இல்லை, மிச்சம் இருக்கிற மாதங்களை.

போட்டியையும் சொல்ல வேண்டும். வடக்கே கொரோசால், ஆரஞ்சு வாக் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் சேட்டுமாலுக்குப் போய் வாங்கி வந்துவிடுவார்கள். அங்கே ஹுமெக்ஸ் என்ற மெக்சிகோ ஜூஸ் மலிவு. அந்தப் பக்கம் நான் வண்டியே அனுப்புவதில்லை. பெலீஸ் 1974 முதல் கரீபிய நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான காரிகோமில் இருப்பதால் டிரினிடாடில் தயாராகும் ஜூஸ் தீர்வை இல்லாமல் வரும், நம் சரக்கு தீர்வை கட்டித்தான் உள்ளே வர வேண்டும். ஆரஞ்சை நான் தொடுவதே இல்லை. ஸ்டான் கிரீக் பள்ளத்தாக்கே ஆரஞ்சுத் தோட்டம்தான். 2009-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பச்சையாதல் நோயால் விளைச்சல் அடிவாங்கியது உண்மை. ஆனாலும் உள்ளூரில் செய்கிற பொருளோடு போட்டி போடும் பல சரக்குக்கு இறக்குமதி உரிமம் கேட்கிற நாடு இது. எதற்கு வம்பு?

தேதி குறைந்த சரக்கை எங்கே தள்ளுவது? சுற்றுலாப் பயணிகள் வரும் தீவுகளுக்கு, சான் பெட்ரோ, கீ கோக்கர் பக்கம். படகில் ஏற்றும் கூலி தனி. ஆனால் பார்காரர்கள் ரம்மில் கலக்க லிட்டர் லிட்டராக ஊற்றுவார்கள். வாரத்தில் தீர்ந்துவிடுவதால் தேதி ஒரு பொருட்டில்லை. மாம்பழமும் அன்னாசியும் அங்கே ஓடும், கொய்யா ஓடாது.

2022 நவம்பரில் லிசா புயல் பெலீஸ் சிட்டிக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. புயலுக்கு முந்தைய நாள் தண்ணீர், பிஸ்கட்டோடு ஜூஸும் பறந்தது. கரண்ட் போனாலும் குடிக்கலாம் இல்லையா? மறுநாள் கிடங்கில் பார்த்தால், கீழ்வரிசை அட்டைப் பெட்டிகள் ஊறி நொறுங்கி, மேல்வரிசை அதன்மேல் சாய்ந்து கிடந்தது. உள்ளே பேக் ஒழுகவில்லைதான். ஆனால் வெள்ளத்தண்ணீர் பட்ட சரக்கை யாருக்குக் கொடுக்க முடியும்? வேறு வழியில்லாமல் கொட்டினோம்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை

அண்ணே, நீங்கள் சொல்லும் மாதங்களில் ஒரு பகுதி எங்கள் வாசலிலேயே கரைந்துவிடுகிறது. பேக் நிரப்பிய அன்றே லாரி ஏற்ற முடியாது. மாதிரிகளைச் சூட்டறையில் வைத்து, உப்புகிறதா, புளிக்கிறதா என்று ஒரு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் விடுவோம். தேதியோ நிரப்பிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, இந்தியாவில் 'ஃப்ரூட் டிரிங்க்' என்று விற்க 10 சதவீதப் பழம் போதும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரக் கணக்கில் மாம்பழ நெக்டாருக்கே (கூழில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்தது) குறைந்தது 25 சதவீதம் வேண்டும். உள்ளூருக்குப் போகிற சரக்கையே ஸ்டிக்கர் மாற்றி அனுப்பச் சொல்லி ஒரு வியாபாரி வந்தார், முடியாது என்று திருப்பி அனுப்பினோம். இன்னொருவர் மத்திய அமெரிக்கா என்றதும் கட்டுக்கட்டாக ஸ்பானிஷ் ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பெலீஸின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது! உங்கள் கடைப் பெயரில் தனி பேக் வேண்டுமென்றால் யோசித்துச் செய்யுங்கள். அட்டையை ரோல் கணக்கில்தான் அச்சடிப்பார்கள், உங்கள் ஊர் விற்பனைக்கு ஒரு டிசைன் ரோலே வருஷக்கணக்கில் வரும்.

சென்னை, கப்பல் புக்கிங்

பெலீஸ் துறைமுகத்தில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் போகாது. சென்னையில் ஏற்றியதைக் கொழும்பில் ஒருமுறை, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒருமுறை மாற்றி ஏற்றுவது வழக்கம். கடலில் போகிற நாளைவிட யார்டில் வெயிலில் நிற்கும் நாள்தான் ஜூஸை வாட்டும். நிற்கிற கன்டெய்னருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும், மாம்பழ மஞ்சள் பழுப்படிக்கத் தொடங்கும். கெட்டுப்போகாது, ஆனால் கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் பழைய சரக்கு மாதிரி தெரியும். புக்கிங் போடும்போதே மேல்தட்டில் வேண்டாம், கீழே அடுக்குங்கள் என்று எழுதிக் கேளுங்கள். எப்போதும் கிடைக்காது, கேட்டால்தான் கிடைக்கும்.

பெலீஸ் சிட்டி, மொத்தக் கடைக் கொள்முதல்

பழுப்பு நிறம் பற்றிச் சொன்னது சரி. பார்காரர்கள்கூட அதைக் கவனித்துவிட்டார்கள்.

நாங்கள் இப்போது கொய்யாவையும் கலப்புப் பழத்தையும் மயாமியில் வேறு மளிகையோடு சேர்த்து, கலப்புக் கன்டெய்னரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். பெட்டிக்கு விலை கூடத்தான் செய்கிறது. ஆனால் கப்பல் சில நாளில் வந்துவிடும், கடைக்காரர் தேதியைப் பார்த்ததும் தலையாட்டிவிடுகிறார். இந்தியாவிலிருந்து முழுக் கன்டெய்னர் மாம்பழம் மட்டும், அதுவும் 200 மில்லி. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் பைக்கு அது போகும்.

கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒரு கேள்வி. ஆகஸ்டில் இங்கே இறங்க வேண்டுமென்றால் நீங்கள் ஜூனிலேயே ஏற்றியாக வேண்டும். அப்போது கூழுக்கான தோத்தாபுரி மாம்பழச் சீசனே சூடு பிடித்திருக்காது. போன வருஷத்து டிரம் கூழில்தான் பேக் போடுவீர்களா? அப்படியென்றால் நிறம் எப்படி இருக்கும்?